கேள்வி மொய்

"பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று போன வாரம் கணினித் திரையைப் பார்த்துக் கேட்டேன். முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு அது; நான்தான் அதற்குத் தலைவர். நாங்கள் சுருக்கமாக 'வைவா' என்போம். ஆய்வு மாணவி திருப்பாதிரிப்புலியூரில் தன் வீட்டில் அமர்ந்திருந்தாள். தேர்வாளர் ஏதோ ஓர் ஊரில் இருந்தார். மற்றவர்கள் முகம் காட்டாமல் சின்னச் சின்னக் கட்டங்களில் வெறும் பெயர்களாக இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. உடனே அந்தச் சத்தத்தையும் அடைத்துவிட்டார்கள். கேள்வி ஏதும் இல்லை என்று அறிவித்து வாழ்த்துச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் நிம்மதியாகச் சிரித்தாள். எனக்குத்தான் மனசே ஆறவில்லை. கேள்வி அண்ணன் இருந்திருந்தால் விட்டிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் வரலாற்றுத் துறையில் நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது அவர் அங்கே பகுதிநேர ஆய்வாளர். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார். எங்கள் எல்லோரையும்விட நன்றாக மூத்தவர் என்பதால் அண்ணன். ஞாயிற்றுக்கிழமையானால் புவனகிரி வழியாக வரும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிடுவார். அவருடைய தலைப்பைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது. நாங்களெல்லாம் சோழர் கால ஏரி, பரங்கிப்பேட்டைத் துறைமுகம் என்று கைக்கெட்டிய தூரத்தில் தலைப்பு எடுத்துக்கொண்டோம். அவரோ நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் எப்படி ஊர் ஊராகப் பரவின என்று எடுத்திருந்தார். "ஜில்லாவத் தாண்டாத ஆளுக்கு ஹாலந்துல இருக்குற லெய்டன் எதுக்குய்யா?" என்று அவருடைய நெறியாளரே கிண்டல் செய்வார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிறு அதே லெய்டனைத் தேடி அதே மேசையில் உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை என்னோடு கடலூருக்கு வந்தவர் என்னைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். படகுகளுக்கு நடுவே நின்று கடலைக் கை காட்டி, டச்சுக்காரர்கள் துணி வாங்க வந்து இறங்கிய இடம் இது என்றார். அவர்கள் நாட்டில்தான் லெய்டன். எதிரிப் படை முற்றுகையிட்டுச் சோற்றுக்கே வழியில்லாமல் கிடந்து மீண்ட ஊர். அதற்குப் பரிசாக வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று இளவரசர் கேட்டாராம். ஊர் பல்கலைக்கழகத்தைக் கேட்டதாம். "இது நெசமா கதையான்னு அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. ஆனா இப்படி ஒரு கதையை நாலு தலைமொற சொல்லிக்கிட்டு இருந்துருக்காங்க பாரு, அது நெசம்" என்றார். அந்தக் காலத்தில் கையகல நாடு வைத்திருந்த சிற்றரசன்கூடத் தன் ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்க வேண்டும் என்று துடித்தான். பாரிசு, பொலோனா போன்ற பழைய பல்கலைக்கழக ஊர்களுக்குப் போக முடியாத பிள்ளைகள் பக்கத்து ஊரில் படித்தார்கள். அரிசி மலிவா, காற்று நல்லதா என்று பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார். அங்கே ஏது அரிசி என்று கேட்டால், "சரி, கோதும" என்று திருத்திக்கொள்வார். கடல் தாண்டி லிமா வரைக்கும் மெக்சிகோ வரைக்கும் அது பரவிய கதையை அவர் சொல்லும்போது, எனக்கு உப்புக் காற்றும் மறந்துபோகும், கடைசி பஸ்ஸும் மறந்துபோகும்.

அவருக்குக் 'கேள்வி அண்ணன்' என்ற பட்டப்பெயர் வந்த விதம் தனி. அந்தப் பழைய பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்குகிறவன் ஊரறிய நின்று வாதாட வேண்டும். எதிர்த்துக் கேட்பதற்கென்றே சிலர் இருப்பார்கள். பல சமயம் அவனுடைய சொந்த நண்பர்களே அவர்கள். வாதம் முடிந்ததும் அவன் அவர்களுக்கு விருந்து போட வேண்டும். விருந்து எல்லை மீறிப்போய், இவ்வளவுதான் போடலாம் என்று சட்டம் எழுத வேண்டிய அளவுக்குப் போயிருக்கிறது. "நம்ம கல்யாணந்தான் தம்பி. விருந்து அவன் போடுறான். கேள்விதான் நாம வைக்கிற மொய்" என்று அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னார். நம் வைவாவிலும் விருந்து இருக்கிறது. ஆய்வாளர் செலவில் சமோசா, டீ, பிறகு மதியச் சாப்பாடு. மொய்தான் இல்லை. முன்கூட்டியே இரண்டு பேரிடம் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். அண்ணனுக்கு அது பொறுக்காது. "சாப்புட மட்டும் வந்தா அது வைவா இல்ல, பந்தி" என்பார். எந்தத் துறை வைவாவாக இருந்தாலும் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பார்.

என் அறைத் தோழன் பரங்கிப்பேட்டைக்காரன், தாவரவியல். பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றி ஆய்வு. அவன் வைவாவில் அண்ணன் எழுந்து, "இந்த மரமெல்லாம் இல்லாட்டி அந்த எடத்துல என்னா இருக்கும் தம்பி?" என்று கேட்டார். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. பிறகு ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுத் தன் ஊரைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேச ஆரம்பித்தான். அன்று அவன் பேசியதில் உருப்படியான பேச்சு அதுதான் என்று அவன் நெறியாளரே சொன்னார். ஆனாலும் ஆத்திரம் தீராமல், பிரியாணி பரிமாறும்போது அண்ணன் இலையில் எலும்பாகப் பார்த்து வைத்தான். அண்ணன் அதையும் ரசித்துச் சாப்பிட்டார். சிலர் அவரிடம் பேச்சையே நிறுத்தினார்கள். வைவா தேதியை அவருக்குத் தெரியாமல் மறைத்தவர்களும் உண்டு. எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுவார்.

அவருடைய முறைதான் வராமலே இருந்தது. நெறியாளர் ஓய்வு பெற்றார், வேறொருவர் வந்தார். ஆய்வேடு திருத்தத்துக்குப் போய்வந்து கொண்டிருந்தது. கடைசியில் அண்ணனே பணி ஓய்வு பெற்ற பிறகுதான் தேதி குறித்தார்கள். அதற்குள் எங்கள் கூட்டம் திசைக்கொன்றாகப் போயிருந்தது. வைவாவுக்கு முந்திய வாரம் கீழவீதியில் டீ குடித்துக்கொண்டே, "தம்பி, ஒருத்தரும் எதுவும் கேக்கலன்னா?" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று பார்த்தால் கண் கலங்கியிருந்தது. "பட்டம் எப்படியும் குடுத்துடுவாங்க. அதுக்கில்ல. இத்தினி வருஷம் வச்ச மொய்யில ஒண்ணாச்சும் திரும்பி வரணும். இல்லாட்டி நான் படிச்சது யாருக்குமே ஒரு பொருட்டில்லன்னு ஆயிடும்" என்றார். வருவார்கள் அண்ணா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன்.

வைவா நாளன்று அண்ணியும் வந்திருந்தார். விடியற்காலையில் எழுந்து சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் செய்து, தூக்குகளில் நிரப்பி வேனில் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். தூக்குகளை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்தார். அறை நிறைந்துதான் இருந்தது. தேர்வாளர் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மேம்போக்காக இரண்டு கேள்வி கேட்டார். பிறகு தேர்வுக்குத் தலைமை வகித்த தலைவர், "பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். யாரும் அசையவில்லை. அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போது என் பரங்கிப்பேட்டைத் தோழன், அதற்காகவே சென்னையிலிருந்து வந்திருந்தவன், எழுந்து நின்றான். "மொய் வைக்கணும் சார்" என்றான். அறையே சிரித்தது. அதன் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. அவரோடு பேச்சை நிறுத்தியவர்கள்கூட எழுந்தார்கள். பழிவாங்கவே வந்தவர்கள் போலத் துளைத்தெடுத்தார்கள். இத்தனை ஊர்களில் தொடங்கிய பல்கலைக்கழகங்கள் ஏன் பிறகு பல ஊர்களில் மூடப்பட்டன என்று நான் கேட்டேன். அண்ணன் மாப்பிள்ளைக் களையோடு நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தேர்வாளர் ரயிலை மறந்துவிட்டுத் தானும் குறுக்கே புகுந்து கேட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒரு வைவாவைப் பார்த்ததில்லை. இனியும் பார்ப்பேனா என்று தெரியவில்லை. அந்த நாளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

தலைவர் முடிக்கப்போன நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நானும் ஒண்ணு கேக்கலாங்களா?"

அண்ணிதான். எழுந்து நின்றிருந்தார். தலைவர் தயங்கினார். "கேக்கட்டும் சார். பொது வைவாதான?" என்றார் அண்ணன்.

"ஞாயித்துக்கெழமையானா என்னையும் புள்ளைங்களையும் வுட்டுட்டு இங்க வந்துடுவீங்க. இப்ப ரிட்டயர்டும் ஆயிட்டீங்க. இதால பத்துப் பைசா ஏறப்போறதில்ல. அப்புறம் எதுக்குங்க இது?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்க வீட்டுல எனக்கு முன்னாடி யாரும் காலேஜ் பக்கம் போனதில்ல. வயலும் வாய்க்காலுமா கெடக்குற இந்த எடத்துல, பஸ் போற தூரத்துல ஒரு பல்கலைக்கழகம் இருந்ததாலதான் நான் படிச்சேன். அது ஏன் இங்க வந்துச்சு? இப்படிச் சின்ன ஊருக்கெல்லாம் அது எப்படித்தான் வருது? அதத் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்" என்றார். தேர்வாளர் கைதட்டக் கையைத் தூக்கிவிட்டார்.

அண்ணி உட்காரவில்லை. "அந்த பஸ்ஸு நம்ம வீட்டாண்ட எனக்கும் நின்னுருக்கும்ல? நானும் பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டுத்தான உங்க வீட்டுக்கு வந்தேன். இத அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் கூட வந்து படிச்சிருப்பேன்" என்றார்.

அண்ணன் கையிலிருந்த ஆய்வேட்டை மேசையில் வைத்தார். "இதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா" என்றார் மெதுவாக.

அண்ணி உட்கார்ந்தார். பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாகத் தலைவர் வாசித்ததும் அறை முழுக்கக் கைதட்டினோம். அண்ணியும் சந்தோஷமாகக் கைதட்டினார். அண்ணன் மட்டும் யாருக்கும் வணக்கம் சொல்லாமல், கடைசி வரிசையைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.