திருத்தியதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

காலை எட்டு மணிக்கு, தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ் முன்னால் நின்று, ஒவ்வொரு பாகத்தையும் விரலால் சுட்டி, "யோஷி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சரியாக இருக்கிறது என்று பொருள். ஜப்பானில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஐம்பது வயதுக்காரர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் முத்தையாபுரத்தில் இயந்திரத்துக்கு மரியாதை ஆயுத பூஜை அன்று மட்டும்தான். மீதி நாளெல்லாம் வசவு.

அங்கே ஓர் அண்ணாச்சியின் பட்டறையில் ஏழு வருடம் இருந்தேன். மின்விசிறிக்கான கிளிப்புகள் செய்தோம். தகட்டுச் சுருள் ஒரு பக்கம் நுழையும். டை என்கிற அச்சுக்குள் ஓர் அடியில் துளை, அடுத்த அடியில் வளைவு, கடைசி அடியில் வெட்டு என்று நகர்ந்து மறுபக்கம் கிளிப்பாக விழும். தகடு கோணினால் பிரஸ்ஸை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி நிறுத்துகிறது என்று அண்ணாச்சி அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். "ஓடுத மிஷின நிறுத்துதது பாவம்ல" என்றார். பிறகு டை உடைந்தது, மாதம் ஒன்று. உடைத்தது நான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஜப்பானில் இருப்பது செர்வோ பிரஸ். பழைய பிரஸ் கனத்த சக்கரத்தின் வேகத்தில் கண்மண் தெரியாமல் இறங்கும். இதை மோட்டாரே நேராக இயக்குவதால் எங்கே வேகம், எங்கே நிதானம், இறங்கியபின் அடிமட்டத்தில் எவ்வளவு நேரம் அழுத்தி நிற்பது என்றெல்லாம் நாம் சொல்லலாம். நான் சொன்னபடி கேட்ட முதல் ஆள் அதுதான்.

சென்ற வருடம் ஒரு புதிய கிளிப், வளைத்த பிறகு மெல்ல நிமிர்ந்துகொண்டே இருந்தது. பாதி குப்பைக்குப் போயிற்று. அடியில் சற்று நிறுத்தி அழுத்தினால் சரியாகும் என்று என் மேலாளர் தனாகாவிடம் சொன்னேன். அவர் பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, "சோத்தோ முஸுகஷீ" என்றார். கொஞ்சம் கஷ்டம். கஷ்டம்தானே, பட்டுவிடலாம் என்று இரண்டு விடுமுறை நாட்கள் வந்து பாடுபட்டேன். திங்கட்கிழமை ஒரு துண்டுகூட நிமிரவில்லை.

தனாகா துண்டுகளை அளந்தார். என்னை அறைக்குள் அழைத்தார்.

"வேண்டாம் என்று சொன்னேனே."

"கொஞ்சம் கஷ்டம் என்றுதானே சொன்னீர்கள்?"

"ஆமாம். வேண்டாம் என்று சொன்னேன்."

ஒரு படிவம் தந்தார். நிகழ்ந்த தவறு என்ன, ஏன் நிகழ்ந்தது, மறுபடி நிகழாதிருக்க என்ன செய்வீர்? இனி நல்ல துண்டு வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதக் கை துடித்தது. அது என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதம். மனைவி என்னைக் கேட்காமலே திருச்செந்தூரில் எனக்கு மொட்டை நேர்ந்திருந்தாள். "மேலாளர் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வேன்" என்று எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஒப்பந்தம் புதுப்பித்தார்கள்; புரிதல் போதாது என்ற குறிப்போடு. மூன்று மாதம் கழித்து அதே அமைப்பு தொழிற்சாலை முழுக்க விதியானது. கீழே தனாகா குழுவின் பெயர். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

நேர்ச்சைக்காக ஊருக்கு வந்தபோது அண்ணாச்சி பழைய செர்வோ பிரஸ் ஒன்றை வாங்கியிருந்தார். அறைக்கு ஏசி போட்டிருந்தார், பிரஸ்ஸுக்காக. உச்ச வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலடியில் நிமிர்ந்த கிளிப்புகள் குவிந்திருந்தன.

"அண்ணாச்சி, அடியில கொஞ்சம் நிறுத்தி அழுத்துனா நிமிராது. பத்து நிமிசத்துல நானே மாத்தித் தாரேன்."

"ஏலே முருகேசா, மெதுவா ஓடவா இத வாங்குனேன்?"

"இவ்வளவும் வீணாப் போகுதே."

"சரிடே. பாத்துக்கிடலாம்." என் தோளில் தட்டினார். "நீ டீ குடி."

டீயைக் குடித்தேன். படிவம் கேட்காமல் விட்டாரே, அந்த மட்டும் புண்ணியம்.

டவுனுக்குத் திரும்பும் பேருந்தில் நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். யோசிக்காமலே ஜப்பான் பழக்கத்தில் இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு வரை குனிந்தேன். அவர் பதறிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இடுப்பு பிடிச்சிருக்கா? ஏலே, எந்திச்சு அவுகளுக்கு எடம் குடு."

யாரோ எழுந்தார்கள். என் இடுப்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஊர்க்காரனாக நிமிர்ந்து நின்று அதைச் சொல்வது என்று தெரியாததால், இறங்கும்வரை நோயாளியாகவே உட்கார்ந்து வந்தேன்.