கொளஞ்சியம்மாள் நிறுத்திய வரி

ஒரு காலத்தில் எங்கள் சபையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது நடுவில் ஓர் இடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். பிறர் எங்களுக்குச் செய்த தவறை நாங்கள் மன்னிப்பதுபோல நீரும் எங்களை மன்னியும் என்று கேட்கிற இடம் அது. வெளியூர் விருந்தாளிகள் தெரியாமல் அந்த இடத்தில் தனியாகக் குரல் கொடுத்துவிட்டு, அசடு வழியச் சுற்றிலும் பார்ப்பார்கள். விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால், ஓட்டுக் கூரையின் கீழ் பாய் விரித்து உட்கார்ந்து ஆராதிக்கிற சின்னச் சபை எங்களுடையது. எந்தப் போதகரும் எங்களுக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. கொளஞ்சியம்மாள்தான் கற்றுக்கொடுத்தாள்.

அவளும் நானும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தோம். ஊறுகாய் ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. சூளைப் பக்கம் பெருக்குவதும் தண்ணீர் தூக்குவதும் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்துப் பாய்தான். ஆக வாரம் முழுக்க அவள் குரல் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சாதாரணக் குரலா அது! கம்பெனி வாசலில் நின்று பேசினால் உள்ளே மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

ஞானஸ்நானத்தின்போது போதகர் அவளுக்கு வேதத்திலிருந்து ஒரு பெயர் எடுத்து வைத்திருந்தார். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். “கொளஞ்சியம்மானு இருக்கும்போதுதான ஐயா அவரு என்னத் தேடி வந்தாரு? பேர மாத்தினா அடையாளம் தெரியாமப் பூடப் போறாரு.” போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய பெயரிலேயே தண்ணீர் தெளித்தார்.

பெயர் மட்டுமா, பழக்கமும் அப்படியே வந்தது. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டினால் நியாயம் கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த ஊரில் வளர்ந்தவள் ஆண்டவர் முன்னால் வந்தும் பிராதுதான் கொடுத்தாள். “இன்னா ஆண்டவரே, கேட்டுக்கிட்டு இருக்கீங்களா இல்லியா?” என்று ஆரம்பித்தால், நடந்தது நடந்தபடி சாட்சியோடு சொல்லி முடிப்பாள். அவள் கேட்டால் கிடைக்கும் என்று ஊரில் பேர். டீக்கடை பரக்கத்துல்லா பாய்கூடத் தன் தம்பிக்கு வெளிநாட்டு வேலை கிடைக்க வேண்டும் என்று இவளிடம் சொல்லி வைத்தார். கிடைத்தது. தினமும் இலவச டீ கொடுத்தார், இவளும் கூச்சமே இல்லாமல் குடித்தாள்.

இப்படிப்பட்டவள் அந்த ஒரு வரியில் நின்றது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில்.

அவள் புருஷன் சாமிதுரை அதே கம்பெனியில் சூளைக்கு நெருப்புப் போடுகிறவர். மாயவன் என்பவர் சூளைக்குள் ஜாடிகளை அடுக்குகிறவர். கொளஞ்சியம்மாள் அவரை வாய் நிறைய ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். மாசிமகத் தேர் பார்க்கப் போகும் அவசரத்தில் மாயவன் கோணலாக அடுக்கிவிட்டுப் போனார். நெருப்பு ஏறியதும் அடுக்கு சரிந்தது. சூளை நிறைய இருந்த ஜாடிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உருகி நாசம். முதலாளி விசாரித்தபோது மாயவன், “சாமிதுரை தூங்கிட்டான், தீ ஜாஸ்தியாப் பூடுச்சு” என்று சொல்லிவிட்டார். சாமிதுரை வாயில்லாப் பூச்சி. அன்றைக்கே வேலை போனது. ஊரில் வேறு எந்தச் சூளையிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த மனுஷர் எங்கேயோ செங்கல் சூளைக்குப் போய், கிறிஸ்துமசுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் மட்டும் வீடு வந்தார். மூன்று பிள்ளைகளையும் இவள் ஒருத்தியாக வளர்த்தாள். பிற்பாடு மாயவனின் பெண்சாதியே தண்ணீர்க் குழாயடியில் உண்மையைக் கொட்டிவிட்டாள். அதோடு ‘அண்ணே’ போய் ‘அந்த ஆளு’ ஆனது.

அடுத்த ஞாயிறு ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த வரியில் டக்கென்று நின்றாள். எஞ்சின் நின்றால் பெட்டிகள் என்ன செய்யும்? நாங்களும் நின்றோம். கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளாக அதற்கடுத்த வரியை எடுத்துக் கொடுக்கவும், தொடர்ந்து ஓடினோம்.

ஆராதனை முடிந்ததும், வாரா வாரம் எங்களுக்கு ஜெபம் நடத்துகிற உபதேசியார் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வரிய ஏம்மா வுட்ட?”

“மனசுல இல்லாதத எப்படி ஐயா சொல்றது? பொய்ச் சத்தியம் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“சொல்லச் சொல்ல மனசு வரும்மா.”

“வரட்டும். வந்ததும் சொல்றேன்.”

 வாரா வாரம் இப்படியே நடந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அவளைப் பார்த்துத்தான் ஜெபம் கற்றன. அந்த இடத்தில் உதட்டை மூடி மூச்சு விட வேண்டும் என்றே அவை கற்றுக்கொண்டன. கடலூரிலிருந்து வந்த பெரிய போதகர் ஒருவர் அந்த இடத்தில் தனியாக முழங்கிவிட்டு, விஷயம் தெரிந்ததும் மன்னிப்பைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கித்தார். கொளஞ்சியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். “ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயா” என்று தோத்திரமும் சொன்னாள். அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றாள்.

சாமிதுரை வந்திருந்த ஒரு கிறிஸ்துமசில் அவரே கேட்டுவிட்டார். “வேலைய இழந்தவன் நானு. நானே எப்பவோ வுட்டுட்டேன். நீ ஏன் புடிச்சிக்கிட்டு நிக்குற?”

“உங்களுக்குச் செஞ்சத நீங்க மன்னிச்சிட்டீங்க. புருஷன் இல்லாத வூட்டுல நான் பட்டது எனக்குச் செஞ்சது. அத நான்தான மன்னிக்கணும்?”

நான் பக்கத்தில்தான் இருந்தேன்.  பெரிய போதகரின் அரை மணி நேரத்தைவிட இது எனக்குள் ஆழமாக இறங்கியது.

இனி எழுபத்துமூன்றுக்கு வருகிறேன்.

முதலாளியின் மச்சான் ஒருவர் கம்பெனியில் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். சூளை எரிந்து முடிந்தால் நன்றாக ஆறிய பிறகுதான் செங்கல் வைத்து அடைத்த வாசலைப் பிரிக்க வேண்டும். முன்னாலேயே பிரித்தால் காற்றுப் பட்டு ஜாடிகள் வெடித்துவிடும். லாரி வருகிறது என்று இந்த மச்சான், “பிரிடா வாசல” என்றார். மாயவன், “சூடு ஆறலிங்க, வேணாங்க” என்று கெஞ்சினார். திட்டு வாங்கிக்கொண்டு பிரித்தார். பாதிக்கு மேல் ஜாடிகள் விரிசல் விட்டுவிட்டன. சனிக்கிழமை முதலாளி வந்து கேட்டால், மாயவன்தான் யாரையும் கேட்காமல் பிரித்தான் என்று சொல்வதாக மச்சான் ஏற்பாடு பண்ணிவிட்டார். நடந்ததைப் பார்த்தவள் ஒருத்தி. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நான் பொய் சொல்லப் போறதில்ல. சும்மா இருந்தாப் போதும். அந்த ஆளு வேலை தன்னால பூடும். என் வூட்டுக்காரருக்குப் போன மாதிரியே.”

“ஆண்டவர்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன். எதுவும் சொல்லல. பதிலு எனக்கே தெரியும்னு சும்மா இருக்காரு போல.” சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பழிவாங்குறதுக்கு இவ்ளோ சுளுவா ஒரு வழி கெடைக்கும்னு நான் நெனைக்கவே இல்லக்கா. அதான் பயமா இருக்குது.”

அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உண்மையைச் சொன்னால் மச்சான் அவளைச் சும்மா விடமாட்டார். மூன்று பிள்ளைகளின் சோறு அந்தக் கம்பெனியில் இருந்தது.

சனிக்கிழமை சூளை முன்னால் எல்லோரையும் நிறுத்தி முதலாளி கேட்டார். “மாயவன் பிரிச்சத யாராவது பாத்தீங்களா?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழைய கதை தெரிந்தவர்கள் எல்லோரும் கொளஞ்சியம்மாளையே பார்த்தார்கள். மாயவன் மட்டும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவளிடம் எதிர்பார்க்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

“நான் பாத்தேங்க” என்றாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. “அவரு வேணாம்னு கெஞ்சினாருங்க. உங்க மச்சான்தான் திட்டிப் பிரிக்க வெச்சாருங்க. ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

அந்தக் குரலில் சொன்னால் சூளைச் செங்கல்லுக்கும் கேட்டிருக்கும். முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். மாயவனுக்கு வேலை தப்பியது. கொளஞ்சியம்மாளைத் திங்கட்கிழமையிலிருந்து கரி சுமக்கப் போகச் சொல்லிவிட்டார்கள். முதலாளிக்கும் மச்சானை முழுசாக விட்டுக்கொடுக்க மனம் இல்லை. “கரிக்கும் தண்ணிக்கும் கூடையும் கொடமும்தான வித்தியாசம்” என்று சேலையை உதறிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தேன். மாயவன் வந்து தெருவிலேயே நின்றார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

“தங்கச்சி, அன்னிக்கு மாசிமகத்தப்ப நான்தான்...”

“நில்லு. சொல்லாத.”

அவர் திகைத்துப் போனார். நானும்தான்.

“நீ சொல்லி நான் மன்னிச்சா, அது நீ அழுததுக்குக் குடுத்த கூலி. எங்க ஆண்டவரு அப்படிச் சொல்லல. நான் மொதல்ல மன்னிக்கணும். நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வரேன். அப்புறம் வா.”

எனக்குப் புரியவில்லை. “அதான் இன்னிக்கே பாதி மன்னிச்சிட்டியே, சாட்சி சொன்னியே” என்றேன்.

“உண்மைய சொன்னது அவருக்காக இல்லக்கா, பொய்ய சுமக்க முடியாம. மன்னிக்கிறது வேற வேலை. அது இன்னும் பாக்கி இருக்குது.”

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் அவள் வழக்கம்போல் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெபம் ஆரம்பித்தது. அந்த இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். பிள்ளைகள் மூச்சு விட்டன. உபதேசியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அந்த அமைதியில் அவள் குரல் மட்டும் எழுந்தது. வழக்கமான முழக்கம் இல்லை. கூடையைத் தலையில் தூக்கி வைக்கும்போது வருமே, அந்த முக்கலோடு ஒவ்வொரு சொல்லாக வந்தது. நடுவில் உடைந்தது. மறுபடி எடுத்தாள். மன்னிப்பதுபோல என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னாள். யாரும் கூடச் சேர்ந்துகொள்ளவில்லை. அவள் சுமையை அவளே இறக்கட்டும் என்று இருந்தோம். வரி முடிந்ததும் அவள் அடுத்ததை எடுக்கவில்லை. உட்கார்ந்தபடி குனிந்துவிட்டாள். இந்தத் தடவை பெட்டிகள்தான் எஞ்சினை இழுத்துப் போயின. நாங்கள் சொல்லி முடித்தோம். அத்தனை வருஷத்தில் அவள் இல்லாமல் நாங்கள் சொன்ன ஜெபம் அது ஒன்றுதான். மகா மோசமாக இருந்தது.

ஆராதனை முடிந்து அவளோடு நானும் நடந்தேன்.  மாயவன் எங்களுக்கு முன்னாலேயே வந்து, நேற்று நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கொளஞ்சியம்மாள் கதவைத் திறந்து, உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து விரித்தாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“உள்ள வாங்கண்ணே” என்றாள். “உக்காருங்க. இப்ப சொல்லுங்க, கேக்குறேன்.”