சிவில், தொண்ணூற்றெட்டு பேட்ச்

அல் குசைஸ் மணல் திடலில் வெள்ளிக்கிழமை காலைகளில் நடந்த எங்கள் வாலிபால் போட்டிக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் வலைக்கு இரு பக்கமும் வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் தன் துறையையும் பேட்ச்சையும் உரக்கச் சொல்ல வேண்டும். அந்தந்தக் கல்லூரியில் படித்தவன்தான் ஆடுகிறான் என்பதற்கு அதுதான் சாட்சி. ஊரில் மோதிக்கொண்ட பொறியியல் கல்லூரிகளின் பழைய மாணவர்கள், துபாய் வந்தும் விடாமல் மோதிக்கொண்டோம். நான் ஆட மாட்டேன். கத்துவேன். மற்ற நாட்களில், கல்லூரி விளையாட்டு உருப்படுமா உருப்படாதா என்று ரூமில் யாரையும் தூங்கவிடாமல் பேசுவேன்.

எங்கள் அணியின் செட்டர், அதாவது அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், என் ரூம்காரர்தான். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க லாரியும் கத்தலும்தான். வியாழக்கிழமை சாயங்காலம் ஷூவைக் கழுவி ஏ.சி.க்குக் கீழே காயவைக்கும்போதுதான் மனிதர் விசில் அடிப்பார்.

அந்த வருடம் ஒரு கார்கோ கம்பெனி முதலாளி எங்கள் அணிக்கு ஸ்பான்சர் ஆனார். புது ஜெர்சி, பேனர், ஆட்டம் முடிந்ததும் பிரியாணி. இறுதிப் போட்டி நெருங்கியதும், அபுதாபி முசஃபாவிலிருந்து ஒரு வெல்டர் பையனை அவரே கொண்டுவந்தார். ஊரில் வேறு ஏதோ கல்லூரிக்கு ஆடியவன். அவனும் செட்டர்.

ரூமில் அன்று பெரிய சண்டை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இன்னொரு ரூம்காரர், கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர், சுலபமாகச் சொன்னார்.

"காசு போடுறவன் ஜெயிக்கத்தான் பார்ப்பான். இன்னும் கொஞ்ச நாள்ல ஊர்லயும் இதேதான்டா. காலேஜ் பேரு பனியன்ல மட்டும்தான் இருக்கும்."

அப்படியென்றால் நான் எதற்காக வெயிலில் நின்று தொண்டையைக் கிழித்துக்கொள்வது என்று கேட்டேன். கார்கோ கம்பெனிக்கா? ஆதரவுக்கு அண்ணனைப் பார்த்தேன். அவர் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"என்னை மட்டும் காலேஜ்ல மார்க்கைப் பார்த்தா எடுத்தாங்க? பந்துக்குத்தான்டா சீட்டு. பந்துக்குத்தான் மெஸ்ல ரெண்டு முட்டை. அந்தப் பையனை என்னன்னு குத்தம் சொல்றது?"

பருப்பை இறக்கிவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்: "என்னை ஒரு செட்டாவது ஆட விடுவாங்களான்னு செகரட்டரிகிட்ட நீ கேட்டுப் பாரேன்."

கேட்டேன். பார்க்கலாம் என்றார் எங்கள் பழைய மாணவர் சங்கச் செகரட்டரி. மாட்டேன் என்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இறுதிப் போட்டிக்கு அந்தப் பையன் நைட் டூட்டி முடித்து நேராக வந்திருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. என்ன சொல்ல வேண்டும் என்று செகரட்டரி அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார் போல. ஐ.டி., தொண்ணூற்றைந்து என்று முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் சிரித்துவிட்டார்கள். எங்கள் கல்லூரிக்கு ஐ.டி. வந்ததே இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். செகரட்டரி விழித்தார். அம்பயர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

ஓரத்தில் ஷூ கயிற்றை முடிந்துகொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கினார்.

"சிவில், தொண்ணூத்தெட்டுன்னு சொல்லு தம்பி."

"அது யாரோட பேட்ச்ண்ணே?"

"சும்மாதான் கிடக்கு. எடுத்துக்க."

பையன் உரக்கச் சொன்னான். எதிரணியிலும் தெரியாத முகங்கள் இருந்தன. அவர்களும் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

நன்றாக ஆடினான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவன் கையிலிருந்து பந்து பஞ்சு மாதிரி எழும்பியது. செட்டரின் துறையைச் சொல்லிக் கத்துவது எங்கள் பழக்கம். என்னைச் சுற்றி எல்லாரும் "சிவில், சிவில்" என்று கத்தினார்கள், இத்தனை நாளும் அண்ணனுக்குக் கத்திய அதே ராகத்தில். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அண்ணன் கைதட்டிக்கொண்டிருந்தார். முதல் செட் முடிந்ததும் செகரட்டரியை ஒரு தடவை பார்த்தார். அவர் பேனரைச் சரிசெய்யப் போய்விட்டார். அடுத்த இரண்டு செட்டும் சீக்கிரமே முடிந்தன.

ஜெயித்தோம். முதலாளி கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். பிரியாணி சாப்பிட்டோம். அண்ணன் ஷூவைக் கழற்றினார். அதில் மணலே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அந்த ஷூ கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நாளைக்குப் பிராக்டிஸ் இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தினேன்.

"வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் கேட்டு வாங்கிட்டேன்டா," என்றார். "நீ போயிட்டு வா."

நானும் போகவில்லை.