விடுமுறை நாள் வாசகன்

குன்றத்தூர்க் குன்றின்மேல் நின்று எங்கள் புறநகரின் ஏரிகளையும் கூரைகளையும் ஒருசேரக் காத்தருளும் குமரப்பெருமானே, தகடு வெட்டிப் பழகிய இந்தக் கைக்கு எழுத்திலும் துணை நில். நீ தந்த ஒரு நாளின் மகிழ்ச்சியை மிகையின்றிச் சொல்லி முடிக்க அருள்வாய்.

அந்த நாள் புரட்டாசித் திங்கள் வளர்பிறைத் தசமி, திருவோணம் கூடிய விஜயதசமி. கல்வியின் வாசலை மிதிக்க அதனினும் சிறந்த நாள் பஞ்சாங்கத்தில் இல்லை என்று நானே தேர்ந்தெடுத்தேன். பிழையும் அங்கேதான் நேர்ந்தது.

தாம்பரம் சானடோரியத்தில் எங்களுக்கு எவர்சில்வர் இட்லித் தட்டு செய்யும் பட்டறை உண்டு. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒற்றை இயந்திரத்தை வைத்து நான் தொடங்கியது. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், நாடெங்கும் உள்ள பிள்ளைகள் இடம் வேண்டித் தவம் கிடக்கும் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அதன் விடுதிச் சமையலறைக்கு முப்பது ஆண்டுகளாக இட்லிப் பானைகள் கொடுத்து வருகிறோம். எங்கள் வண்டி பின்வாசல் வழியாகத்தான் நுழையும். காவலரின் பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் 'பாத்திரம் இறக்க' என்று எழுதுவேன். இறக்கிவிட்டுத் திரும்புவேன். மரங்களுக்கு மேலே நூலகத்தின் குவிமாடம் தெரியும். சன்னிதிக்குள் போகாமல் விமானத்தை மட்டும் தொழுது திரும்பும் அடியவனைப் போல, அதை நோக்கிக் கைகூப்பிவிட்டு வண்டியில் ஏறுவேன்.

அந்த நூலகத்தில் அமர்ந்து ஒரு பதிகம் படிக்க வேண்டும் என்பது பதினேழு வயதில் பிறந்த ஆசை. யாரும் தடுத்ததில்லை. கேட்கும் துணிவுதான் எனக்கு வரவில்லை. இந்த ஆண்டு என் மனைவி, கேட்டுக் கேட்டுச் சலித்து, என்னை உட்காரவைத்து அனுமதி கேட்டுக் கடிதம் எழுதவைத்தாள். பத்தே நாளில் 'வரலாம்' என்று பதில் கடிதம் வந்தது. அதைப் பூசையறையில் வைத்தேன்.

ஒரு கலக்கம் மட்டும் மிஞ்சியது. பதிகங்களை நான் வாய்விட்டே படித்துப் பழகியவன். ஓசையில்லாமல் கண் மட்டும் எழுத்தின்மேல் ஓடினால் எனக்கு ஒன்றும் உள்ளே இறங்காது.

"அங்க போய் உங்க ராகத்தை ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டாவது வரியில வெளிய அனுப்பிடுவாங்க. உதட்டை அசைக்காம படிக்கப் பழகுங்க" என்றாள் மனைவி.

ஒரு வாரம் பழகினேன். தொண்டை வலித்ததுதான் மிச்சம்.

விஜயதசமி காலை, நீராடித் திருநீறு பூசி, புது வேட்டி உடுத்தி, மனைவியோடு ஆட்டோவில் போய் முன்வாசலில் இறங்கினேன். இருபுறமும் வாழைமரம் கட்டியிருந்தார்கள், மாவிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. எனக்காகவே கட்டியது போலிருந்தது. ஆனால் பெரிய கதவு சாத்தியிருந்தது.

காவலர் கடிதத்தை வாங்கி வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தார். "இன்னா சார், வேலை நாள்ல வரலாம்னு இல்ல போட்டுகீது. இன்னிக்கு கவர்மெண்ட் லீவு. உள்ள ஈ காக்கா கெடையாது."

மனைவி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "இத்தனை நாளா இதுக்குப் பூ வெச்சுக் கும்பிட்டீங்களே, ஒரு தடவையாவது முழுசா படிச்சீங்களா?"

"நல்ல நாளா இருக்கட்டும்னுதான் பார்த்தேன்."

"நல்ல நாள்தான். அதான் ஊரே லீவு போட்டுட்டு வீட்ல இருக்கு."

"வுடுங்கம்மா, சார் மூஞ்சே வாடிப்பூட்ச்சு" என்று காவலர் தம் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

நாளை வரலாமே என்று யாரும் சொல்லலாம். எனக்கு வயது எழுபத்தொன்று. ஐம்பத்து நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்த துணிவு அது. வீட்டுக்குத் திரும்பிவிட்டால் மறுபடி சேருமா என்பது எனக்கே உறுதியில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஸ்கூட்டரில் ஒரு பெண்மணி வந்தார். முன்னால் பொரி மூட்டை, கையில் பூச்சரம். நூலகத்தில் வேலை பார்ப்பவர். முந்தின நாள் சரஸ்வதி பூசைக்கு அடுக்கிவைத்த புத்தகங்களுக்கு மறுபூசை செய்து எடுப்பதற்காக, விடுமுறையிலும் வந்திருந்தார். காவலர் சொன்னதைக் கேட்டுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"சார், இதை டைப் அடிச்சதே நான்தான். கொஞ்சம் இருங்க." யாரிடமோ கைபேசியில் பேசினார். "எங்க லைப்ரேரியன்கிட்ட கேட்டேன், அரை மணி நேரம் பார்த்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டார். வாங்க சார், நீங்களும் வாங்கம்மா."

நூலகப் படியில் என் செருப்பைக் கழற்றினேன். வேண்டாம் என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாமும் கழற்றினார்.

குவிமாடத்துக்கு நேர் கீழே ஒரு மேசை. அதன்மேல் மஞ்சள் துணி விரித்து, சந்தனமும் குங்குமமும் வைத்த புத்தக அடுக்கு. அவர் தீபம் காட்டி, பூசை நிறைவடைந்ததற்கு அடையாளமாக அடுக்கை வடக்கே சற்று நகர்த்தினார்.

"எடுத்த உடனே ஒரு பக்கமாவது படிக்கணும் சார். வருஷா வருஷம் நான்தான் படிப்பேன். இன்னிக்கு வாசகர் ஒருத்தர் வந்திருக்காரே, நீங்க படிங்க."

அடுக்கில் பழைய பதிகத் தொகுதி ஒன்று இருந்தது. எடுத்துக் கண்ணில் ஒற்றி, எதிர்ச் சுவரில் 'அமைதி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, உதட்டை இறுக்கிக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். என் மனைவி பொறுமை இழந்தாள்.

"அவருக்கு மனசுக்குள்ள படிக்க வராதும்மா. ஒரு வாரமா அவஸ்தைப்படறார்."

"சத்தமாவே படிங்க சார். யார் இருக்கா இங்க? வேலை நாள்ல வந்திருந்தா நானே உங்க வாயை மூடியிருப்பேன்" என்றார் அந்த அம்மாள்.

படித்தேன். இரண்டாம் பாடலில் பண் தானாகக் கூடியது. குவிமாடம் என் குரலை வாங்கி, மேலே ஒரு சுற்றுச் சுற்றி, என்னிலும் நல்ல குரலாக்கித் திருப்பித் தந்தது. பத்துப் பாடலும் முடிந்தபோது என் கண் நனைந்திருந்தது. மனைவியைப் பார்த்தேன், அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் கேட்டு வந்த காவலர் நூலக வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கோயில்ல பாடுறவரா சார் நீங்க?"

"இல்லப்பா. இட்லித் தட்டு செய்யறவன். உங்க ஆஸ்டலுக்கு நாங்கதான் கொடுக்கறோம்."

"அட, அந்த இட்லியத்தான் சார் நான் டெய்லி துன்னுகினு கீறேன்."

கை நிறையப் பொரியோடு முன்வாசலுக்கு வந்தோம். பேச்சு மும்முரத்தில் உள்ளே போகும்போது கையெழுத்து வாங்க மறந்ததாகச் சொல்லி, காவலர் பதிவேட்டை நீட்டினார். பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் கை பழக்கத்தால் 'பா' என்று தொடங்கிவிட்டது. அதை அடித்துவிட்டு, 'படிக்க' என்று எழுதினேன்.

இதனை வாசிப்போர் யாவரும் தாம் தொலைவிலிருந்து தொழுத வாசலுக்குள் ஒருநாள் நுழைவாராக. அங்கே அவர்தம் குரலுக்கும் இடம் இருப்பதாக. குமரன் திருவடி துணை.