மகளைத் தூக்க முழங்கால் கேட்டேன்

அம்மனின் பிள்ளைகளே, வெள்ளிக்கிழமை பூஜைக்கு நான் நொண்டி நொண்டி வருவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கதையை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் மேகலாவுக்கு முப்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் இல்லை. கையும் வாயும் நன்றாக வேலை செய்யும். வாய் கொஞ்சம் கூடுதலாகவே. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு, எல்லாம் நான்தான் தூக்க வேண்டும். அவள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வேறு ஆள் இல்லை. எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் பொறுக்கியபோதும், பிறகு குருபோங் பக்கத்துத் தொழிற்சாலையில் தரை துடைத்தபோதும், என் முழங்கால்கள்தான் எங்கள் இருவரையும் சுமந்தன.

போன ஆண்டு ஆடி மாதம் அவை என்னைக் கைவிட்டன. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். தேய்ந்தது வளராது, வலியைத்தான் குறைக்கலாம் என்றார். என் தம்பி வந்து பார்த்தான்.

"அக்கா, உங்களுக்கே நடக்க முடியல. தீபாவளி முடிஞ்சதும் பிள்ளைய ஹோம்ல விட்டுரலாம்லா. நானே வேன் கொண்டாறேன்."

அவன் கெட்டவன் இல்லை. ஆனாலும் பெற்றவள் எப்படி விடுவேன்?

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே கோமதி என்று நம் பிள்ளை ஒருத்தி. முழங்காலில் சில்லென்று ஜெல்லைத் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையை அதன்மேல் வட்டமாக நகர்த்துவாள். காதுக்குக் கேட்காத ஒலி அலை உள்ளே போய் இதமாகச் சூடு கொடுக்குமாம்.

"லேசா வெதுவெதுன்னுதான் இருக்கணும், ஆன்ட்டி. சுட்டாலோ எலும்புக்குள்ள குடைஞ்சாலோ உடனே சொல்லிருங்க," என்றாள்.

ஒரு நாள் குடைந்தது. நான் சொன்னேனா? இல்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நாம் தீ மிதிக்கிறவர்கள். சுட்டது என்று வாய் திறந்தால் விரதத்தில் குறை என்பார்கள். மேகலாவுக்காக நான் தீ மிதித்தபோது வந்த கொப்புளத்தைக்கூட ஒருவருக்கும் காட்டியதில்லை. அதே புத்தி. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த வலியை எடுத்துக்கொள் தாயே, என் பிள்ளையைத் தூக்க முழங்காலைக் கொடு என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன். கோமதி கேட்டபோதெல்லாம், "ஒண்ணும் இல்லம்மா, நீ செய்யி," என்றேன்.

மறுநாள் கால் ஊன்ற முடியவில்லை. மேகலா நனைந்த துணியோடு மதியம் வரை கிடந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கத்தினேன்.

"உனக்குக் கண்ணு இருக்கா? நெருப்புல நடந்தேனே, பத்தலியா? எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக்க, போதும்!"

பக்கத்து அறையிலிருந்து மேகலா சீறினாள். "உங்களுக்கு வேணும்னா நீங்க கேளுங்கம்மா. என்னை எதுக்கு சேக்குறீங்க? நான் சாகணும்னு சொன்னேனா?"

இத்தனை வருஷம் அவளுக்காக வேண்டினேனே தவிர, அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவளே போனை எடுத்துக் கோமதியிடம் எல்லாவற்றையும் போட்டுடைத்தாள்.

கோமதிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "இது கோயில் இல்ல, ஆன்ட்டி. நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

சில நாள் நிறுத்திவைத்து, பிறகு அலையின் வீரியத்தைக் குறைத்து, தொடைக்குப் பயிற்சியும் சேர்த்துச் செய்தாள். நானும் வெட்கத்தை விட்டு, கொஞ்சம் சுருக்கென்றாலும் சொன்னேன். மெல்ல வலி இறங்கியது. ஆனால் இனிமேல் மகளைத் தூக்கவே கூடாது என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழாதீங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மேகலாவைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வழவழப்பான பலகை ஒன்றைப் போட்டு, கைகளை ஊன்றி நகர மேகலாவுக்குப் பழக்கினாள் கோமதி. மேகலா சரிந்தாள், திட்டினாள், அழுதாள். மறுபடியும் ஊன்றினாள்.

தீபாவளி முடிந்து தம்பி வேனோடு வந்து அவளைத் தூக்கக் குனிந்தான். "தொடாதீங்க, மாமா," என்றாள். வேர்த்து விறுவிறுத்து, பலகையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, தானாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்க போகணும்? பாசாருக்குன்னா வர்றேன், காய்கறி வாங்கணும்." தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். அதன் பிறகு ஹோம் பேச்சை அவன் எடுக்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். என் எலும்பு தேய்ந்தது தேய்ந்ததுதான். மழை வந்தால் இன்னும் வலிக்கிறது. எனக்குப் பிறகு இவள் என்ன ஆவாள் என்ற பயமும் போகவில்லை. ஆனால் என் மகள் என் வீட்டில் இருக்கிறாள். அதற்காகத் தாய்க்குத் தினமும் விளக்கு ஏற்றுகிறேன்.

நீங்களும் அம்மனை நம்பிக் கேளுங்கள். வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவளிடமும், மருத்துவம் பார்க்கிறவரிடமும். பதில் நாம் நினைத்த பக்கமிருந்து வராது. எனக்கு அது பக்கத்து அறையிலிருந்து, என் மகளின் கோபக் குரலில் வந்தது.