அம்மன் என் கணவரைப் பேச வைத்தாள்

அக்கா தங்கைகளே, இதைச் சந்தோஷத்தோடு எழுதுகிறேன்!

நாங்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தில் சாஆ என்ற ஊரில் இருக்கிறோம். என் கணவர் கணேசன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். நான் பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறேன். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடம். அவர் அதிகம் பேச மாட்டார். உடம்புக்கு முடியவில்லை என்றால் அறவே பேச மாட்டார்.

போன வருடம் தைப்பூசத்துக்குப் பிறகு அவர் முகமே மாறிவிட்டது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கேட்டால், "காத்துதான் புள்ள, தைலம் தேய்ச்சா போயிரும்" என்பார். இரண்டு முறை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் "வயித்துல காத்து" என்று இவரே சொல்லி, வயிற்று மாத்திரையோடு திரும்பி வந்தார். சொன்னதற்குத்தானே மருந்து கிடைக்கும்?

அவருடைய அப்பா எஸ்டேட்டில் வேலைக்குப் போன இடத்திலேயே விழுந்து இறந்தவர். வயது நாற்பத்தெட்டு. இவருக்கு ஐம்பத்தொன்று. அந்தக் கணக்கு என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன்னால் நின்று அழுதுவிட்டேன். "தாயே, நோயைத் தீர்த்து வை என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் இந்த மனுஷனைப் பேச வை. உண்மையைச் சொல்ல வை." இவ்வளவுதான் கேட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. லாரி சாவியை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் காரில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அன்று இருந்தவர் புது டாக்டர். ஜொகூர் பாருவிலிருந்து மாற்றலாகி வந்த நம் தமிழ்ப் பெண்.

முதலில் இசிஜி எடுத்தார்கள். தாளைப் பார்த்துவிட்டு டாக்டர், "இப்ப எடுத்ததுல ஒண்ணும் தெரியல அங்கிள்" என்றார்.

இவர் உடனே எழுந்துவிட்டார். "நான்தான் சொன்னேன்ல? காத்துதான் லா!"

எனக்கு உயிரே போய்விட்டது.

"உக்காருங்க அங்கிள். வலி நின்னப்புறம் எடுத்தா சில நேரம் இப்படித்தான் இருக்கும். நீங்க பேசுனாதான் எனக்குத் தெரியும். நெஞ்சு எப்படி வலிக்குது?"

"வலியெல்லாம் இல்ல டாக்டர்."

நான் வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்க. அவங்களே சொல்லட்டும்." பேனாவைக் கீழே வைத்தார். "சரி, வலிய விடுங்க. முன்ன சுலபமா செஞ்சு, இப்ப செய்ய முடியாதது என்ன?"

நான் மனதுக்குள் "தாயே, தாயே" என்று கெஞ்சினேன்.

"கோயிலுக்கு நடக்கறது" என்றார் இவர்.

"ஏன்?"

"பாதி வழியில நெஞ்ச யாரோ கயிறு போட்டு இறுக்கற மாதிரி வரும். நின்னா போயிரும். மறுபடி நடந்தா மறுபடி வரும். இவளுக்குத் தெரியக்கூடாதுன்னு கடையில யார்கிட்டயாவது பேச்சு கொடுத்து நின்னுக்குவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை தோறும் வழியில் கடைக்குக் கடை நிற்பார். "பூசைக்கு நேரமாச்சு, என்ன ஊர்க்கதை?" என்று அவரைத் திட்டியிருக்கிறேனே!

அதன் பிறகு டாக்டர் கேட்கக் கேட்க எல்லாம் வந்தது. தாடை வரைக்கும் இழுக்குமா? இழுக்கும். மூச்சு வாங்குமா? வாங்கும். சிகரெட்? தினம் ஒரு பாக்கெட். என்னிடம் விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார்! கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

அவர் குரல் உடைந்தது. "எங்கப்பாவும் இப்படித்தான் நெஞ்சத் தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு. எனக்குத் தெரியும் டாக்டர். சொன்னா லாரி ஓட்ட விடமாட்டாங்கன்னு பயந்துட்டேன்."

"நல்லவேளை சொன்னீங்க அங்கிள். இது காத்து இல்ல. இருதயம்."

அன்றே ஆம்புலன்சில் ஏற்றினார்கள். சிகாமாட் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். இருதயத்துக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்களில் அடைப்பு! ஸ்டென்ட் வைத்தார்கள். "தள்ளிப் போட்டிருந்தா ஆபத்தாயிருக்கும்" என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். எனக்கு அந்த வார்டிலேயே விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. சரியான கேள்வியை அந்தப் பெண்ணின் வாயில் வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருடம் பால்குடம் எடுத்தேன். கூட்டத்தோடு கூட்டமாக அவரும் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். சிகரெட் அடியோடு போயிற்று. லாரி ஓட்டுவதில்லை, அதே கம்பெனியில் லாரிகளை அனுப்பும் வேலை பார்க்கிறார். ஒரு நாள் அங்கே ஒரு டிரைவர் வலியில் தன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். என் கணவர் விடவில்லையாம். "எப்ப வருது? எவ்வளவு நேரம் இருக்குது? எதையும் மறைக்காதடா, நானும் மறைச்சவன்தான்" என்று கேட்டுக் கேட்டு, கிளினிக்கில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தார். வாய் பேசாத என் கணவர்!

அக்கா தங்கைகளே, அம்மன் காது கொடுத்துக் கேட்கிறாள். பெரிய வரம்தான் கேட்க வேண்டும் என்றில்லை. ஒரு வாய் திறக்க வேண்டும் என்று கேளுங்கள், அதையும் கொடுப்பாள். கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். கேன்டீனுக்கு லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன்.