தைத்தா மலையில் ஒரு கூடு

என் கணவர் இறந்த வருடம் என்னை வீட்டைவிட்டு வெளியே இழுத்தவர் குருவி பார்க்கும் ஒரு நண்பர்தான். ரொறன்ரோவுக்குப் பக்கத்து யூனியன்வில்லில் இருந்து காரில் வந்து, "குருவியள் வந்திட்டுது அக்கா, வெளிக்கிடுங்கோ" என்பார். பிக்கரிங் ஏரிக்கரையில் கழுத்து நோக அண்ணாந்து நிற்போம்.

என் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து படித்த கென்யப் பெண், படிப்பு முடிந்து தைத்தா மலைக்குத் திரும்பிப் போனாள். அங்கே மிஞ்சியிருக்கும் சிறு காடுகளில் மட்டும் வாழும் ஒரு சாம்பல்நிறச் சிட்டைக் காப்பாற்றுவதுதான் அவளுடைய வேலை. நீண்ட வால்; உடம்பு கட்டைவிரலளவு. "வந்து பாருங்கோ அன்ரி" என்று கூப்பிட்டாள். நண்பரையும் கூட்டிக்கொண்டு போனேன். "என்ர தம்பி மாதிரி" என்று அறிமுகப்படுத்தினேன்.

புதருக்குள் இருந்த கூட்டை அவள் தூரத்தில் நின்றே காட்டினாள். கிட்டப் போகவேண்டாம், அதன் குரலைப் போனில் ஒலிக்கவிடவேண்டாம் என்றாள். வேறொரு குருவி தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டதென்று அது முட்டையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருமாம். நண்பர் தலையாட்டினார். மறுநாள் காலை வயிறு சரியில்லை என்று அறையிலேயே நின்றுவிட்டார்.

நாங்கள் ரொறன்ரோ திரும்பிய பிறகு அவள் போன் எடுத்தாள். அந்தச் சோடி கூட்டைக் கைவிட்டுவிட்டது, ஏனென்று தெரியவில்லை என்றாள். நண்பரிடம் சொன்னேன். "பாவம்" என்றார்.

போன தை மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் அவர் தன் பயண வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். திரையில் அந்தச் சிட்டு, கைக்கெட்டும் தூரத்தில், வாலைத் தூக்கிக்கொண்டு கொப்புக்குக் கொப்பு பதறித் தாவியது. பின்னால் அதே குருவியின் பாட்டு திரும்பத் திரும்பக் கேட்டது. போனில் இருந்து வரும் பாட்டு. சனம் கைதட்டியது.

வெளியே கார்ப்பார்க்கில் கேட்டேன். "வயித்துக்குத்து எண்டு சொன்ன அண்டைக்கோ?"

"கொஞ்ச நேரந்தான் போட்டனான் அக்கா. உதுக்குப் போய்..."

"சோடி கூட்டை விட்டிட்டுப் போட்டுது எண்டு நான் சொல்லேக்கை, பாவம் எண்டனீர்."

அவர் கையிலிருந்த கார்த் திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் கென்யாவுக்குப் போன் எடுத்து அவளுக்கு உண்மையைச் சொன்னேன். இனி அந்தப் பக்கம் வெளியாட்கள் யாரையும் விடப்போவதில்லை என்றாள்.

"என்னையுமோ?"

"ஓம் அன்ரி" என்றாள், என் வீட்டில் பழகிய தமிழில். "உங்களையும்தான்."